காலையில் கார் கிளம்ப அடம் பிடிக்கிறதா?

அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டே குக்கர் எத்தனை விசில் கொடுத்தது என்று சொல்லிவிடுவோம். மிக்ஸியில் உளுந்துக்குத் தண்ணீர் போதவில்லை என்பதை மூடியைத் திறக்காமல் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவோம். அந்தக் காதைக் கொஞ்சம் வாசலில் நிற்கிற காருக்கும் கொடுங்களேன் சகோதரிகளே! பல ஆயிரம் ரூபாய் மிச்சமாகும்.

இன்று நிறைய வீடுகளில் பதினைந்து, இருபது வருஷத்துக் கார் ஒன்று இருக்கிறது. புதிதாக வாங்கி வைத்துக்கொண்டதோ, செகண்ட் ஹாண்டில் வந்ததோ, எதுவானாலும் ஓடிக்கொண்டிருக்கிறது. வீட்டுக்காரர் டூ வீலரில் வேலைக்குப் போய்விடுகிறார். குழந்தைக்குத் தடுப்பூசி, பெரியவர்களுக்கு ஆஸ்பத்திரி, பள்ளிக்கூட மீட்டிங் என்று அந்தக் காரை ஓட்டுவது நாம்தான். ஓட ஆரம்பித்துவிட்டால் அதில் ஒரு குறையும் இருக்காது. ஆனால் கிளம்புவதற்குள் நம் பிராணனை வாங்கிவிடும். சாவியைத் திருப்பினால் பத்து விநாடி, பதினைந்து விநாடி சுற்றிக்கொண்டே இருக்கும். எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து பார்ப்பார்.

உடனே ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். “பேட்டரி போச்சு, மாத்துங்க” என்பார் ஒருவர். “பெட்ரோல் பம்ப்தான்” என்பார் இன்னொருவர். “பிளக் மாத்தினா சரியாயிடும்” என்பார் மூன்றாமவர். “வித்துத் தலைமுழுகுங்க” என்று சொல்ல ஒரு சித்தப்பா எல்லா வீட்டிலும் இருக்கிறார். இப்படி ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால் காரின் விலையைவிடச் செலவு அதிகமாகிவிடும். எதையும் மாற்றுவதற்கு முன்னால் என்ன கோளாறு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அதில் பாதி வேலையை நாமே, கையில் எண்ணெய் படாமல் செய்துவிடலாம்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். அம்பாஸடர், பத்மினி காலத்தில் சோக்கை இழுத்து, ஆக்ஸிலேட்டரை நாலு மிதி மிதித்து ஸ்டார்ட் செய்வார்கள். அதில் கார்புரேட்டர் இருந்தது. மிதிக்க மிதிக்கப் பெட்ரோல் உள்ளே பீய்ச்சும். 2000-ஐ ஒட்டிப் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகிய பிறகு, பெட்ரோல் கார்கள் எல்லாம் எம்.பி.எஃப்.ஐ. என்கிற இன்ஜெக்ஷன் முறைக்கு மாறின. இதில் டேங்குக்குள்ளேயே ஒரு மின்சாரப் பம்ப் இருக்கிறது. அது பெட்ரோலைப் பிரஷரோடு குழாயில் தள்ளும். பல கார்களில் இந்தப் பிரஷர் சுமார் 3 பார், அதாவது நம் குக்கரில் வெயிட் தூக்கும்போது இருக்கிற பிரஷரைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும் என்று ஒரு சின்ன கம்ப்யூட்டர் தீர்மானிக்கும். ஆகவே ஸ்டார்ட் செய்யும் முன் நாம் ஆக்ஸிலேட்டரை எத்தனை தரம் மிதித்தாலும் ஒரு சொட்டுப் பெட்ரோல்கூட உள்ளே போகாது. சொல்லப்போனால், ஸ்டார்ட் செய்யும்போது பெடலை முழுக்க அழுத்தினால் பல கார்களில் பெட்ரோல் நின்றே போய்விடும். என் மாமனார் கடைசிவரை மிதித்துவிட்டுத்தான் சாவியைத் திருப்புவார். பழக்கம், என்ன செய்வது!

நல்ல நிலையில் இருக்கிற கார் ஒன்று, இரண்டு விநாடிக்குள் பிடித்துக்கொள்ளும். பிடிக்க நேரமாகிறது என்றால் அதில் இரண்டு ரகம் உண்டு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் வீண் செலவு வருகிறது.

சாவியைத் திருப்பியதும் ‘குர்ர்... குர்ர்... குர்ர்...’ என்று, மாவு கெட்டியாகி நின்று நின்று சுற்றும் கிரைண்டரைப்போல இழுத்து இழுத்துச் சுற்றினால் அது முதல் ரகம். இன்ஜினைச் சுழற்றுகிற செல்ஃப் மோட்டாருக்குப் போதுமான மின்சாரம் வரவில்லை, அல்லது மோட்டாரே தளர்ந்துவிட்டது. இதற்கும் பெட்ரோலுக்கும் சம்பந்தமே இல்லை. வெறும் ‘டிக்’ என்ற சத்தத்தோடு நின்றாலும் இதே ரகம்தான்.

‘கிர்கிர்கிர்கிர்’ என்று வழக்கமான வேகத்தில் ஜோராகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்க மாட்டேன் என்கிறது என்றால் அது இரண்டாவது ரகம். இங்கே பேட்டரி பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். பெட்ரோல், காற்று, தீப்பொறி மூன்றில் ஏதோ ஒன்று சரியான நேரத்தில் சரியான அளவில் வரவில்லை. இதற்குப் போய்ப் புது பேட்டரி வாங்கிப் போடுகிறவர்கள் எத்தனையோ பேர்.

முதல் ரகத்துக்கு வருவோம். பானெட்டைத் திறந்து பேட்டரியின் இரண்டு முனைகளையும் பாருங்கள். வெள்ளையாகவோ, பச்சை நீலமாகவோ உப்புப் பூத்திருக்கிறதா? அது மின்சாரத்தைத் தடுக்கும். இதற்கு மருந்து நம் அடுக்களையிலேயே இருக்கிறது. ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு ஸ்பூன் ஆப்ப சோடா கலந்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு போய்விடும். பேட்டரியின் அமிலத்தை சோடா முறித்துவிடுகிறது. பேட்டரிக்கு மூடிகள் இருந்தால் இறுக மூடியிருக்க வேண்டும், சோடாத் தண்ணீர் உள்ளே போகக்கூடாது. பிறகு நல்ல தண்ணீரால் துடைத்து, காய்ந்ததும் முனையை முடுக்கி, மேலே கொஞ்சம் வாசலைன் தடவிவிடுங்கள். கையால் அசைத்தால் அசையக்கூடாது. அந்த அளவு முடுக்க வேண்டும்.

கழற்றும்போது மைனஸ் முனையை முதலில் கழற்ற வேண்டும், மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். அதற்கு முன்னால் வளையல், மோதிரம், நீளச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிடுங்கள். தங்கமோ இரும்போ, பேட்டரியின் பிளஸ்ஸுக்கும் காரின் உடம்புக்கும் நடுவில் பட்டால் ஒரு நொடியில் பழுக்கக் காய்ந்து கையைப் பொசுக்கிவிடும். பேட்டரியிலிருந்து எரியக்கூடிய வாயு வரும் என்பதால் பக்கத்தில் நெருப்பு கூடாது. இன்ஜின் ஓடும்போது புடவைத் தலைப்பும் துப்பட்டாவும் பின்னலும் ஃபேன் பக்கமே போகக்கூடாது. பயமாக இருந்தால் விட்டுவிடுங்கள், மெக்கானிக்கைச் செய்யச் சொல்லிப் பக்கத்தில் நின்று பாருங்கள்.

மீட்டர் இல்லாமல் ஒரு பரீட்சை இருக்கிறது. இருட்டின பிறகு ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, சுவரில் விழும் வெளிச்சத்தைப் பார்த்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். வெளிச்சம் அணைவதுபோல மங்கிப்போய் இன்ஜினும் இழுத்துச் சுற்றினால் பேட்டரி அல்லது அதன் இணைப்பில் கோளாறு. வெளிச்சம் அப்படியே நிற்கிறது, ஆனால் இன்ஜின் சுற்றவில்லை என்றால் செல்ஃப் மோட்டார் பக்கம் பார்க்க வேண்டும்.

சில நூறு ரூபாய் கொடுத்து ஒரு மல்டிமீட்டர் வாங்கிக்கொண்டால் இன்னும் நல்லது. இரவு முழுக்க நின்ற காரில், சாவி போடாமல் அளந்தால் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதிதான் சார்ஜ் இருக்கிறது. 12-க்குக் கீழே என்றால் ஏறக்குறையக் காலி. ஸ்டார்ட் செய்கிற அந்த நேரத்தில் 9.6-க்குக் கீழே விழக்கூடாது. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை இருக்க வேண்டும். ஓடும்போதே 12.5-தான் இருக்கிறதென்றால் பேட்டரியைக் குறை சொல்லிப் பிரயோசனமில்லை, அதற்குச் சோறு போடுகிற ஆல்டர்னேட்டரைப் பார்க்க வேண்டும். பேட்டரியும் முனைகளும் சரியாக இருந்தும் இழுவை போகவில்லையா? பேட்டரியிலிருந்து இன்ஜினுக்கும் உடம்புக்கும் போகிற எர்த் கேபிள் துருப்பிடித்திருக்கலாம். பழைய கார்களில் இது ரொம்ப சகஜம், ஆனால் யாரும் குனிந்து பார்ப்பதில்லை. அதுவும் சரி என்றால்தான் செல்ஃப் மோட்டாரைக் கழற்றி ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுக்கலாம். உள்ளே தேய்ந்த கார்பன் பிரஷ் மாற்றினால் பல மோட்டார்கள் பிழைத்துக்கொள்ளும்.

பள்ளிக்கூடத்துக்கும் கடைத்தெருவுக்கும் மட்டுமே ஓடுகிற கார்களில் பேட்டரி சீக்கிரம் சோர்ந்துபோகும். ஸ்டார்ட் செய்ய எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க இரண்டு கிலோமீட்டர் ஓட்டம் போதாது. வாரத்தில் ஒருநாள் அரை மணி நேரமாவது தொடர்ந்து ஓட்டுங்கள்.

இனி இரண்டாவது ரகம். எங்கள் வீட்டில் நடந்தது இதுதான்.

என் மாமியாருக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிஸிஸ். காலை ஆறு மணிக்கு முதல் ஷிஃப்ட். ஐந்தரைக்கு வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். நேரத்துக்குப் போகாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும், மத்தியானம்வரை காத்திருக்க வேண்டும். நாலு மணி நேரம் ஊசியோடு படுத்திருக்கப் போகிற எழுபது வயசு மனுஷியை அவ்வளவு நேரம் பெஞ்சில் உட்கார வைக்க முடியுமா? என் கணவர் வெளியூரில் வேலை, சனிக்கிழமைதான் வருவார். போன மார்கழியில் கார் அடம் பிடிக்க ஆரம்பித்தது. ஜோராகச் சுற்றும், பிடிக்காது. மூன்று நாலு முயற்சிக்குப் பிறகு பிடித்தாலும் முக்கி முனகி ஒரு நிமிஷம் குலுங்கும். அத்தை பின்சீட்டில் ஒன்றும் பேசாமல் முருகா முருகா என்று சொல்லிக்கொண்டிருப்பார். ஆனால் பத்தரை மணிக்குத் திரும்பும்போது வெயிலில் நின்ற அதே கார், சாவியைத் தொட்டதும் கிளம்பிவிடும்.

பக்கத்துப் பட்டறையில் காட்டினேன். பார்த்தவுடனே, “பம்ப் வீக்கும்மா. எட்டாயிரத்தைந்நூறு ஆகும். நாளைக்கே மாத்திடலாம்” என்றார்கள். எந்த மீட்டரும் வைத்துப் பார்க்கவில்லை. கரூரில் ஆட்டோ எலக்ட்ரீஷியனாக இருக்கிற என் கொழுந்தனாருக்குப் போன் போட்டேன்.

“அண்ணி, இப்ப எதையும் மாத்தாதீங்க. காலைல ஸ்டார்ட் பண்றப்ப போனை பானெட் மேல வெச்சிட்டுப் பண்ணுங்க, நான் கேக்கறேன்” என்றார். மறுநாள் ஐந்து மணிக்கே எழுந்து கேட்டார், பாவம். கேட்டுவிட்டு, “செல்ஃப் நல்லா சுத்துது. இப்ப நான் சொல்றபடி செய்ங்க. சாவிய ஆன் வரைக்கும் திருப்புங்க, ஸ்டார்ட் பண்ண வேணாம். பின்னாடி டேங்க்ல ‘ஊய்ங்’னு ஒரு சத்தம் ரெண்டு செகண்டு வந்து நிக்குதா?” என்றார். வந்தது. “ஆஃப் பண்ணுங்க. திரும்ப ஆன். இதே மாதிரி மூணு தரம். இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க.”

பெரும்பாலான இன்ஜெக்ஷன் கார்களில், சாவியை ஆன் செய்ததும் பம்ப் இரண்டு விநாடி ஓடிக் குழாயில் பிரஷரை ஏற்றிவிட்டு நின்றுவிடும். காரை நிறுத்திய பிறகும் இந்தப் பிரஷர் வெகுநேரம் குழாயில் தங்க வேண்டும். பம்பில் இருக்கிற வால்வோ, பிரஷர் ரெகுலேட்டரோ, இன்ஜெக்டரோ கசிந்தால் இரவோடு இரவாகப் பிரஷர் இறங்கிவிடும். மூன்று தரம் ஆன் செய்தால் அதை நாமே ஏற்றிக் கொடுக்கிறோம். அதன் பிறகு கார் பட்டென்று பிடித்தால் குற்றம் பிரஷரில். காலணா செலவில்லாத பரீட்சை இது. அவசரம் என்றால் சில நாளைக்கு இப்படியே மூன்று தரம் போட்டுக்கூட ஓட்டலாம்.

எங்கள் காரில் இது பலிக்கவில்லை. மூன்று தரம் போட்டும் அதே அடம். ஆகவே பம்ப் மேல் சந்தேகம் குறைந்தது. அடுத்து, “ஆக்ஸிலேட்டரை லேசா, கால்வாசி மட்டும் அழுத்திட்டுப் பண்ணுங்க” என்றார். அப்படிச் செய்து உடனே பிடித்தால் காற்று போகிற வழி அடைத்திருக்கிறது என்று அர்த்தமாம். திராட்டில் பாடியிலும் அதன் பக்கத்து ஐடில் வால்வு என்கிற சின்ன வழியிலும் கரி சேர்ந்திருக்கும், சுத்தம் செய்தால் தீர்ந்தது. அதுவும் எங்கள் காருக்கு இல்லை.

“அப்ப தண்ணி சென்சார் அண்ணி. குளிர்ல மட்டும்தானே மக்கர் பண்ணுது?” என்றார்.

இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பட்டறையில் யாரும் இதை எனக்குச் சொல்லவில்லை. பெட்ரோல் ஆவியானால்தான் எரியும். காயாத தோசைக்கல்லில் மாவு ஊற்றினால் ஒட்டிக்கொள்கிறதில்லையா? அதுபோலக் குளிர்ந்த இன்ஜினில் தெளித்த பெட்ரோலில் ஒரு பகுதி ஆவியாகாமல் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அதனால் கம்ப்யூட்டர் குளிர்ந்த இன்ஜினுக்குக் கூடுதலாகப் பெட்ரோல் கொடுக்கும். இன்ஜின் குளிர்ந்திருக்கிறதா, சூடா என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது கூலண்ட் தண்ணீரில் மூழ்கியிருக்கிற கட்டைவிரல் பருமனுள்ள ஒரு சென்சார். அது கெட்டுப்போய், விடிகாலைக் குளிரிலும் “இன்ஜின் சூடாக இருக்கிறது” என்று பொய் சொன்னால், கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைத்துவிடும். இன்ஜின் பட்டினியில் முனகும். மத்தியானம் இன்ஜின் நிஜமாகவே சூடாக இருப்பதால் பொய்யும் உண்மையும் ஒன்றாகி, கார் ஒழுங்காகக் கிளம்பிவிடும். டாஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கும் எரியவில்லை. சென்சாரின் வயர் அறுந்துபோனால் விளக்கு எரியும். நம்பும்படியான பொய்யாக இருந்தால் கம்ப்யூட்டருக்குத் தெரிவதில்லை.

அன்று சாயங்காலம் எங்கள் பேட்டை எலக்ட்ரீஷியன் தம்பியை வரவழைத்து, காலையில் இன்ஜின் தொடாமல் அளந்து பார்க்கச் சொன்னேன். இந்த சென்சார் சாதாரணமாகக் குளிர்ந்த நிலையில் இரண்டாயிரம் ஓமுக்கு மேல் காட்ட வேண்டும், நன்றாகச் சூடேறினால் முந்நூறு ஓம் அளவுக்கு இறங்க வேண்டும். எங்களுடையது விடிகாலையிலேயே நானூறு காட்டியது. “அக்கா, இதான்!” என்றான் தம்பி. சென்சாரும் கூலியும் கொஞ்சம் கூலண்டும் சேர்த்து, பம்புக்குச் சொன்ன விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கொஞ்சம் ஆயிற்று. மறுநாள் இரண்டாவது சுற்றிலேயே கார் பிடித்துக்கொண்டது.

எல்லாக் காருக்கும் இதுதான் என்று நினைத்துவிட வேண்டாம். காலையில் நன்றாகக் கிளம்பி, கடைக்குப் போய் இருபது நிமிஷம் நிறுத்திவிட்டு வந்தால் மட்டும் பிடிக்காத கார்களும் உண்டு. அங்கே இன்ஜெக்டர் சொட்டிப் பெட்ரோல் தேங்கியிருக்கலாம். பிடிக்கும்போது பெட்ரோல் வாடையும் கரும்புகையும் வரும். அல்லது கிராங்க் சென்சார் என்ற ஒன்று சூட்டில் மயக்கம் போட்டுவிடும், ஆறினால் தெளிந்துவிடும். குளிரிலும் சூட்டிலும் ஒரே மாதிரி அடம் பிடித்தால் முதலில் பிளக், பெட்ரோல் ஃபில்டர் எப்போது மாற்றியது என்று பில்லைத் தேடுங்கள்.

இன்னொரு எதிரி எலி. இரண்டு மூன்று நாள் நின்ற கார் திடீரென்று பிடிக்காமல் போனால், இன்ஜின் மேல் வேர்க்கடலைத் தோலோ புழுக்கையோ இருக்கிறதா என்று பாருங்கள். சென்சார் வயரைக் கத்தரித்துவிட்டுப் போயிருக்கும். எந்த ஊர்ப் பட்டறையில் கேட்டாலும் இந்தக் கதை கிடைக்கும்.

இருநூறு ரூபாய்க்கும் முந்நூறு ரூபாய்க்கும் பெட்ரோல் போட்டு ஓட்டுகிற வழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. டேங்கில் உள்ள பெட்ரோல்தான் பம்பைக் குளிரவைக்கிறது. முள் எப்போதும் அடியிலேயே கிடந்தால் பம்ப் சூடாகி சீக்கிரம் தளர்ந்துபோகும். கால் டேங்காவது இருக்கட்டும். இப்போது வருகிற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள். பழைய கார்களில் பெரும்பாலானவை அதற்கென்று செய்யப்பட்டவை அல்ல. பெட்ரோல் குழாய்களின் ரப்பர் விறைத்தோ வெடித்தோ இருக்கிறதா என்று சர்வீஸின்போது கேட்டு வாங்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

மெக்கானிக்கிடம் போகும்போது “ஸ்டார்ட் ஆகல” என்று மட்டும் சொன்னால் அவர் எங்கே வேண்டுமானாலும் கை வைப்பார். “தம்பி, செல்ஃப் வேகமா சுத்துது, காலைல மட்டும் பிடிக்க பத்து செகண்டு ஆகுது, மூணு தரம் சாவி ஆன் பண்ணிப் பாத்தேன், மாற்றமில்ல” என்று சொல்லிப் பாருங்கள். அவர் நிமிர்ந்து பார்ப்பார்! பம்ப் என்று சொன்னால், “பிரஷர் எவ்வளவு காட்டிச்சு? நிறுத்தினப்புறம் நிக்குதா?” என்று கேளுங்கள். அளந்துவிட்டுச் சொன்னால் தாராளமாக மாற்றுங்கள், கழற்றிய பழைய பாகத்தையும் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். போனில் சேர்த்துப் பார்க்கிற மலிவு ஸ்கேனர்களை நம்பி 2010-க்கு முந்தைய காருக்கு வாங்கிவிடாதீர்கள். அந்தக் கார்களில் பலவற்றோடு அவை பேசாது. அந்தக் கம்பெனிக் கார்களுக்கான கருவி வைத்திருக்கிற பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

கார் பிடிக்காதபோது விடாமல் சுற்றிக்கொண்டே இருக்காதீர்கள். ஐந்து, பத்து விநாடிக்கு மேல் வேண்டாம். அரை நிமிஷமாவது பொறுத்து மறுபடி பாருங்கள், இல்லாவிட்டால் நல்ல செல்ஃப் மோட்டாரும் சூடாகிக் கெட்டுப்போகும். பானெட் பக்கமோ காருக்கு அடியிலோ பெட்ரோல் வாடை பலமாக அடித்தால் எந்தப் பரீட்சையும் செய்ய வேண்டாம். சாவியை எடுத்துவிட்டு, குழந்தைகளை இறக்கி எட்ட நிறுத்திவிட்டு, மெக்கானிக்கை வீட்டுக்கே வரச் சொல்லுங்கள்.